ஹோம் கெயர் டெண்டர் பற்றி ஸ்காபரோவில இருந்து ஒரு பிஎஸ்டபிள்யூ எழுதுறன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கிட்டடியில உங்கட பேப்பரில வாசகர் பக்கத்தில ஒரு அண்ணை எழுதியிருந்தார். வயசு போன ஆக்களுக்கும் வருத்தக்காரருக்கும் அரசாங்கம் குடுக்கிற ஹோம் கெயரை கொம்பனியளுக்கு போட்டி டெண்டரில விட்டா செலவு குறையும், ஆர் குறைஞ்ச காசுக்கு நல்லாச் செய்யினமோ அவைக்கே குடுக்கலாம், இதில என்ன பிழை எண்டு கேட்டிருந்தார். அவர் நல்ல மனசோட தான் எழுதியிருக்கிறார், வரிக்காசு எங்கட காசு தானே, அது வீணாப் போகக் கூடாது எண்ட கவலை எனக்கும் இருக்கு. ஆனா வாசிச்சாப் பிறகு அண்டிரவு எனக்கு நித்திரை வரேல்ல, ஏனெண்டா கனடாவில எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில இதை ஏற்கனவே செய்து பாத்தாச்சு, பத்து வருஷத்துக்கு மேல செய்து பாத்து ரெண்டு தரம் அரசாங்கமே இடையில நிப்பாட்டினது. நான் 1999ல பிஎஸ்டபிள்யூ, அதாவது பேர்சனல் சப்போர்ட் வேர்க்கர், வீட்டுக்குப் போய் ஆக்களைப் பராமரிக்கிற வேலைக்கான கோர்ஸ் முடிச்சு இந்த வேலைக்கு வந்தனான், இப்பவும் செய்து கொண்டிருக்கிறன், அதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்ல வேணும் எண்டு நினைச்சு எழுதுறன், நீண்டு போனா மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

முதல்ல இது எப்பிடி நடக்குது எண்டது எங்கட சனத்தில கனபேருக்குத் தெரியாது. காலமை கதவைத் தட்டுற பிள்ளையை "கவுன்மேந்து ஆள் வந்திட்டுது" எண்டு தான் ஆச்சிமார் சொல்லுவினம். நாங்கள் கவுன்மேந்து ஆக்கள் இல்லை. மாகாண அரசாங்கம் ஒரு ஒபிசுக்கு காசு குடுக்கும், அந்த ஒபிசில இருக்கிற கெயர் கோடினேற்றர் வீட்டுக்கு வந்து பாத்து கிழமைக்கு இத்தனை மணித்தியாலம் எண்டு எழுதுவா, பிறகு அந்த ஒபிஸ் கொன்ராக்ட் வைச்சிருக்கிற ஒரு ஏஜென்சிக்குச் சொல்லும், அந்த ஏஜென்சி தான் எங்களை அனுப்பும், சம்பளமும் அது தான் தரும். ஆஸ்பத்திரியும் டொக்டரும் 1984ல வந்த கனடா ஹெல்த் அக்ட் சட்டத்துக்குள்ள வருது, எல்லாருக்கும் பொதுக் காசில குடுக்க வேணும் எண்ட அந்த மாதிரிக் கட்டாயம் ஹோம் கெயருக்கு இல்லை, ஒவ்வொரு மாகாணமும் தனக்குப் பிடிச்ச மாதிரி நடத்தலாம். அதால தான் ஆஸ்பத்திரியில ஒருத்தரும் செய்து பாக்காத பரிசோதனையை எல்லாம் வீட்டில படுத்திருக்கிற ஆக்களில செய்து பாக்க முடிஞ்சது.

1995ல மைக் ஹரிஸ் பிரிமியரா, அதாவது மாகாண முதலமைச்சரா வந்தவர். அதுக்கு முதல் பொப் ரேயின்ர என்டிபி கட்சி அரசாங்கம் வேற ஒரு திட்டம் வைச்சிருந்தது, ஒவ்வொரு இடத்திலயும் ஒரே பொது அமைப்புக்குக் கீழ நேர்ஸ், வீட்டு உதவி எல்லாத்தையும் கொண்டு வாற மாதிரி. ஹரிஸ் அதை தூக்கிப் போட்டிட்டு 1996ல 43 கம்யூனிட்டி கெயர் அக்செஸ் சென்ரர் அமைக்கிறதா அறிவிச்சவர். அந்த சென்ரருகள் தாங்களா பராமரிப்பு செய்யிறேல்ல, டெண்டர் போட்டு வாங்கிறது தான் அவையின்ர வேலை. நல்ல தரம், நல்ல விலை, ரெண்டையும் பாத்துக் குடுப்பம் எண்டு சொன்னவை. 1897ல தொடங்கின, வீடு வீடா நேர்ஸ்மாரை அனுப்புற விக்டோரியன் ஓர்டர் ஒஃப் நேர்சஸ் மாதிரி லாபம் பாக்காத பழைய அமைப்புகளும், நேற்று ஒபிஸ் திறந்த கொம்பனியளும், அமெரிக்காவில இருந்து வந்த கொம்பனியளும் ஒரே லைனில நிண்டு விலை எழுத வேண்டி வந்தது.

விலை எழுதுறது எண்டால் என்ன எண்டு யோசிச்சுப் பாருங்கோ. றோட்டுப் போடுறவன் டெண்டரில விலையைக் குறைக்க வேணும் எண்டால் மெஷினை மாத்தலாம், தாரை மலிவா வாங்கலாம், ரெண்டு வேலையை ஒண்டாச் செய்யலாம். எங்கட வேலையில என்ன இருக்கு குறைக்க? ஒரு மனுசி பஸ் எடுத்துப் போய் ஒரு மனுசனை எழுப்பி, கழுவி, உடுப்பு மாத்தி, சாப்பாடு குடுத்து, வோக்கரில பிடிச்சு நடத்திறது, இதில மெஷின் இல்லை. செலவில பெரும்பகுதி எங்கட சம்பளம் தான். அப்ப விலை குறைய வேணும் எண்டால் சம்பளம் குறைய வேணும், அல்லது ஒரு வீட்டில நிக்கிற நேரம் குறைய வேணும், அல்லது ஒரு வீட்டில இருந்து மற்ற வீட்டுக்குப் போற நேரத்துக்கு சம்பளம் இல்லாமல் போக வேணும், மூண்டும் நடந்தது. மார்கழி மாசத்தில மோர்னிங்சைட்டில ஒரு வீடு முடிச்சு வார்டனில அடுத்த வீட்டுக்கு பஸ்ஸில போற ஒரு மணித்தியாலம் எனக்கு வேலை நேரமா எழுதப்படாத காலம் இருந்தது. காலமை 7 மணிக்கு வெளிக்கிட்டு இரவு 8 மணிக்கு வீட்டுக்கு வந்தாலும் சம்பளத் துண்டில 6 மணித்தியாலம் தான் இருக்கும்.

இதுக்கு மேல நான் சொல்ல வந்தது வேற, அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுதிப் பிரயோசனம் இல்லை.

ஒரு ஐயா இருந்தவர், எல்ஸ்மியர் றோட்டுப் பக்கம் ஒரு அப்பார்ட்மென்டில. ஊரில வாத்தியாரா இருந்தவர். பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்து போச்சு, கிழமைக்கு மூண்டு நாள் குளிக்க வாக்கிறதுக்கு என்னை அனுப்பினவை. முதல் நாள் போன உடன மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார். ஒரு பொம்பிளைப் பிள்ளை தன்னைக் குளிப்பாட்டுறதை அவராலத் தாங்க ஏலாமல் போச்சு, கோபம் இல்லை, வெட்கம். ரெண்டு கிழமை நான் அவருக்கு முகம் துடைச்சு, காலுக்கு எண்ணெய் பூசி, தேத்தண்ணி குடுத்திட்டு வந்தனான், அவ்வளவு தான். பிறகு ஒரு நாள் அவராவே கேட்டார், "பிள்ளை, சாரத்தோட வாக்கேலுமே?" எண்டு. ஏன் ஏலாது ஐயா எண்டு சொல்லி நனையிற சாரத்தோடயே பாத் ரப்புக்குள்ள கதிரையில இருத்தி வாத்தன். ஷவர் தண்ணி முகத்தில பட்டால் அவருக்கு மூச்சு முட்டின மாதிரிப் பயம், அதால ஒரு நீல வாளியும் சின்னக் கோப்பையும் வாங்கி வைச்சனான், தோளில இருந்து கீழ மெல்ல வாக்கிறது, தலைக்கு கடைசியா. முடிய காஞ்ச சாரத்தை மேலால சுத்தி, உள்ளுக்க இருக்கிற ஈரச் சாரத்தை அவரே வலக்கையால அவிழ்த்து விடுவார். துவாயை முதலே ஹீற்றருக்கு மேல போட்டு சூடாக்கி வைச்சிருப்பன். இப்பிடி ஒரு ஒழுங்கு வர எங்களுக்கு நாலு மாசம் எடுத்தது. அதுக்குப் பிறகு நான் கதவைத் திறக்கேக்கயே தேவாரம் சொல்லத் தொடங்கிவிடுவார், வாய் கொஞ்சம் கோணினபடியால் சொல் தடக்கும், ஆனா ராகம் பிசகாது.

அந்த வீட்டில ஏஜென்சியின்ர ஃபைல் ஒண்டு மேசையில இருக்கும், ஒவ்வொரு நாளும் செய்த வேலைக்கு நேரா சரி போட வேணும். குளியல் எண்ட ஒரு பெட்டி, அதில ஒரு சரி. நீல வாளியும், ரெண்டு சாரமும், சூடான துவாயும் அந்தப் பெட்டிக்குள்ள எழுத இடம் இல்லை. டெண்டரைப் படிச்சு மார்க் போடுற ஆளுக்கு தெரியிறதும் அந்தச் சரி மட்டும் தான்.

ஒன்றரை வருஷம் அவரிட்டப் போனன். பிறகு ஒரு நாள் எங்களை எல்லாரையும் ஒபிசுக்கு கூப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் ஒண்டு தந்தவை, ஏஜென்சிக்கு கொன்ராக்ட் இல்லாமல் போச்சு, எங்கட ஏரியாவை வேற கொம்பனி வெண்டிட்டுது எண்டு. எங்களில ஆரும் ஏதும் பிழை விட்டதா அந்தக் கடிதத்தில இல்லை, எங்களைப் பற்றி அதில ஒண்டுமே இல்லை. புதுக் கொம்பனிக்கு விரும்பினா அப்ளை பண்ணலாம் எண்டு சொன்னவை, ஆனா புது ஆளா, தொடக்கச் சம்பளத்தில, இத்தனை வருஷம் வேலை செய்த கணக்கு ஒண்டும் இல்லாமல். அப்பிடிப் போனாலும் ஐயா வீட்டுக்கே என்னை அனுப்புவினம் எண்டு ஒரு உறுதியும் இல்லை. எங்களோட நிண்ட பிள்ளையளில கன பேர் அதோட நேர்சிங் ஹோமுக்குப் போட்டுதுகள், ரெண்டு பேர் ஃபக்டரிக்குப் போனவை. கடைசி நாள் ஐயாவுக்குச் சொல்லிப் போட்டு வெளிக்கிடேக்க அவர் "ஏன் பிள்ளை, நான் ஏதும் சொன்னனானோ?" எண்டு கேட்டவர். தன்னில பிழை எண்டு நினைச்சிட்டார். டெண்டர், கொன்ராக்ட் எண்டு நான் விளங்கப்படுத்த, அவருக்கு அது ஏறேல்ல, எனக்கே அப்ப வடிவா விளங்கேல்ல.

மூண்டு மாசத்துக்குப் பிறகு அவற்ற மனுசியை ஒரு தமிழ்க் கடையில கண்டனான், கையில பிளாஸ்டர் போட்டபடி. புதுக் கொம்பனி கிழமைக்கு கிழமை வேற வேற ஆளை அனுப்பினதாம், ஒராளுக்கும் தமிழ் தெரியாது, அவர் ஒருத்தரையும் கிட்ட எடுக்கேல்ல, கொஞ்ச நாளையால "வேண்டாம் எண்டு சொல்லுறார்" எண்டு எழுதி மணித்தியாலத்தைக் குறைச்சுப் போட்டினமாம். அம்மா தானே குளிக்க வாக்கப் போய் ரெண்டு பேரும் பாத்ரூமில வழுக்கி விழுந்து அவவின்ர மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. வந்த பிள்ளையளில நான் குறை சொல்ல மாட்டன், அதுகளுக்கு 45 நிமிஷமும் ஒரு அட்ரசும் தான் குடுத்து அனுப்பியிருப்பினம், அந்த நாலு மாசத்தை ஆர் அதுகளுக்கு குடுக்கிறது? மணிக்கட்டு முறிஞ்சதுக்கு ஆஸ்பத்திரியில எமேர்ஜென்சி, எக்ஸ்றே, டொக்டர், இந்தச் செலவு எல்லாம் வேற பெட்டியில இருந்து போகும், அதால டெண்டர் கணக்கில காசு மிச்சம் எண்டு தான் காட்டும்.

அண்ணை கேட்ட கேள்விக்கு என்ர மறுமொழி இது தான். வீட்டுக்குள்ள நடக்கிற பராமரிப்பில நல்ல சாமான் எண்டு ஒண்டு இருந்தா அது திரும்பத் திரும்ப வாற அதே ஆள். டெண்டர் எண்டது ரெண்டு மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா அந்த ஆளை மாத்திறதுக்கே செய்த ஏற்பாடு மாதிரித் தான் எனக்குப் படுது.

இது என்ர ஒரு ஆளின்ர கதை மட்டும் எண்டு நினைக்க வேண்டாம். 2004ல லிபரல் அரசாங்கம் டெண்டரை நிப்பாட்டி வைச்சிட்டு முந்தின சுகாதார மந்திரி எலினர் கப்லனை ஆராயச் சொன்னது. அவா 2005ல 70 சிபாரிசு குடுத்தவா, போட்டியை விட வேண்டாம், ஆனா திருத்துங்கோ, கொன்ராக்ட் காலத்தைக் கூட்டுங்கோ, தரத்துக்கு கூட மதிப்புக் குடுங்கோ, வேலை செய்யிற ஆக்களின்ர நிலைமையைப் பாருங்கோ எண்ட மாதிரி. 2007ல அந்த அக்செஸ் சென்ரருகளை 14 ஆக்கினவை. அந்த வருஷக் கடைசியில திரும்ப டெண்டர் தொடங்கினது, உடன ஒன்ராறியோவில ஹமில்ரன் எண்ட ஊரில பெரிய பிரச்சினை.

ஹமில்ரன் விஷயத்தை எங்கட ஆக்கள் தெரிஞ்சு வைச்சிருக்க வேணும். விக்டோரியன் ஓர்டர் ஒஃப் நேர்சஸ் அந்த ஊரில நூறு வருஷத்துக்கு மேல வீடு வீடாப் போன அமைப்பு. அதோட சென் ஜோசப்ஸ் ஹோம் கெயர், அதுவும் பல பத்து வருஷம் அங்க இருந்தது. 2008 தை மாசம் இந்த ரெண்டையும் டெண்டரின்ர முதல் கட்டத்திலயே கழிச்சுப் போட்டினம். அதாவது விலையைப் பாக்கிற கட்டம் வரவே இல்லை, எழுதிக் குடுத்த பேப்பரில மார்க் காணாதாம். நூறு வருஷமா அந்த ஊர் சனத்துக்குப் புண் கழுவி மருந்து கட்டின நேர்ஸ்மாரை விட, டெண்டர் எழுதத் தெரிஞ்ச ஆள் வைச்சிருக்கிற கொம்பனிக்கு கூட மார்க் வருகுது எண்டால் அந்தப் பரீட்சையில தான் பிழை. சனம் விடேல்ல, நோயாளியளும் அவையின்ர பிள்ளையளும் நேர்ஸ்மாரும் நூற்றுக்கணக்கில மண்டபத்துக்கு வந்து கூட்டம் போட்டவை, பேப்பருகள் ஒவ்வொரு நாளும் எழுதினது, கடைசியில சுகாதார மந்திரி ஜோர்ஜ் ஸ்மிதர்மன் அந்த டெண்டரை நிப்பாட்டி மாகாணம் முழுக்க டெண்டரை நிறுத்தி வைச்சார். கை எழுத்துப் போட்டு, கூட்டத்துக்குப் போய், தொகுதி ஆளுக்கு ரெலிபோன் அடிச்சு சனம் செய்த வேலை அது.

மனிரோபா மாகாணத்திலயும் இப்பிடித் தான். 1974லயே மாகாணம் முழுக்க பொது ஹோம் கெயர் தொடங்கின இடம் அது. 1996ல கரி ஃபில்மன் அரசாங்கம் வினிபெக்கில அதைத் தனியாருக்குக் குடுக்க வெளிக்கிட்டது, ஹோம் கெயர் வேலைக்காரர் வேலைநிறுத்தம் செய்தவை, அவை பாக்கிற நோயாளியளே கன பேர் அவையின்ர பக்கம் நிண்டவை. கடைசியில ஒரு பகுதியை மட்டும் கொம்பனிக்குக் குடுத்துப் பாத்திட்டு, நினைச்ச மாதிரிக் காசு மிச்சம் பிடிக்கேலாமல் அரசாங்கமே அதைக் கைவிட்டது. லாபம் வராட்டி கொம்பனி நிக்காது, லாபம் வர விட்டா அரசாங்கத்துக்கு மிச்சம் வராது, ரெண்டும் ஒரு காசுக்குள்ள இருந்து தான் வர வேணும்.

நியாயமாச் சொல்ல வேணும் எண்டால் டெண்டரை நிப்பாட்டினதோட எல்லாம் சரி வந்திட்டுது எண்டு நான் சொல்லேல்ல. பழைய கொன்ராக்டுகளை அப்பிடியே நீட்டிக் கொண்டு போனவை. கொன்ராக்ட் போகாது எண்டு தெரிஞ்சா சில ஏஜென்சி அசட்டையா இருக்கும், ஆள் வராத நாளுக்கு ரெலிபோன் கூட எடுக்க மாட்டினம், நான் அதையும் பாத்தனான், இதில அண்ணை சொல்லுறது உண்மை. 2015ல அரசாங்கக் கணக்கைப் பரிசோதிக்கிற ஓடிற்றர் ஜெனரல் பொனி லைசிக் அந்த சென்ரருகளைப் பற்றி ஒரு விசேஷ அறிக்கை விட்டவா. தங்கட செலவில 92 வீதம் நோயாளி பராமரிப்புக்குத் தான் போகுது எண்டு சென்ரருகள் சொல்லிக் கொண்டிருந்தது, அவா கணக்கெடுத்துப் பாக்க, நோயாளிக்கு முன்னால நேர நிண்டு செய்யிற பராமரிப்புக்குப் போனது 61 வீதம் தான். மிச்சத்துக்குள்ள மேல இருக்கிற ஒபிஸ் செலவும், ஏஜென்சியின்ர ஒபிஸ் செலவும், கொம்பனியின்ர லாபமும் இருந்தது. காசை மிச்சம் பிடிக்க ஆசைப்படுற அண்ணை முதல்ல அந்த 39 வீதத்தைப் பாக்க வேணும். கொன்ராக்ட் எழுதுறதுக்கு ஒரு கூட்டம், எழுதினதைச் சரி பிழை பாக்க ஒரு கூட்டம், பில் அனுப்ப ஒரு கூட்டம், வந்த பில்லை ஒத்துப் பாக்க இன்னொரு கூட்டம், போட்டி கூடக் கூட இந்தக் கூட்டமும் கூடும்.

சம்பளத்திலயும் இதே கதை தான். டெண்டரில சம்பளத்தை நசிச்சு நசிச்சு ஆஸ்பத்திரியில அதே வேலை செய்யிற பிள்ளைக்கும் எங்களுக்கும் நல்ல வித்தியாசம் வந்திட்டுது. பிறகு ஹோம் கெயருக்கு ஆள் இல்லை எண்டு அரசாங்கமே 2014ல இருந்து மூண்டு வருஷத்தில படிப்படியா மணித்தியாலத்துக்கு 4 டொலர் கூட்டிக் குடுக்க வேண்டி வந்தது, பேந்து கொவிட் நேரம் 2020ல இன்னொரு 3 டொலர், அதை 2022ல நிரந்தரமாக்கினவை. மிச்சம் பிடிச்சதா கணக்குக் காட்டின காசை வேற வழியால திரும்பக் கட்டினது போலத் தான். அதுக்குள்ள எத்தனையோ அனுபவப்பட்ட ஆக்கள் இந்த வேலையை விட்டிட்டுப் போட்டினம், அவை திரும்பி வரேல்ல.

இப்ப ஏன் இதைக் கதைக்கிறன் எண்டால், மேல இருக்கிற ஒபிசின்ர பெயர் நெடுக மாறிக் கொண்டிருக்கு. 2017ல அக்செஸ் சென்ரரை மூடி லின் எண்டு சொல்லுற, ஏரியா வாரியா இருந்த சுகாதார நிர்வாக ஒபிசுக்குள்ள போட்டவை, 2021ல இன்னொரு நீளப் பெயர், 2024 ஆனி மாசத்தில இருந்து 14 ஒபிசையும் ஒண்டாக்கி ஒன்ராறியோ ஹெல்த் அற் ஹோம். கடைசியா இந்தப் பொறுப்பை ஒன்ராறியோ ஹெல்த் ரீம் எண்டு சொல்லுற, ஆஸ்பத்திரி, டொக்டர்மார், ஹோம் கெயர் அமைப்புகள் சேர்ந்த குழுக்களிட்டக் குடுக்கிறது தான் திட்டம். 2020ல வந்த சட்டத்தோட கெயர் கோடினேஷன் வேலையைக் கூட வெளி அமைப்புகள் செய்யிறதுக்கு வழி திறந்து விட்டிருக்கு. அப்ப பராமரிப்பு செய்யிறதை மட்டும் இல்லாமல், ஆருக்கு எத்தனை மணித்தியாலம் எண்டு முடிவெடுத்து நடத்திற வேலையையும் ஏலத்தில விடுற நாள் வரலாம். காசு வாங்கிறவரே மணித்தியாலத்தையும் முடிவெடுத்தா கிழவிக்காக ஆர் கதைக்கிறது எண்டது எனக்கு இருக்கிற பெரிய பயம்.

2024 இலையுதிர் காலத்தில நடந்தது ஞாபகம் இருக்கும். ஹோம் கெயருக்கு மருந்துச் சாமான், ஊசி, ரியூப், பண்டேஜ் அனுப்புறதுக்கு புதுக் கொன்ராக்ட் நடைமுறைக்கு வந்த உடன மாகாணம் முழுக்க சாமான் தட்டுப்பாடு. நான் போற ஒரு வீட்டில ஒரு அம்மா, புற்றுநோய், கடைசிக் கட்டம், வீட்டில தான் சாக வேணும் எண்டு ஆசைப்பட்டவா. நோவுக்கு மருந்து ஏத்திற பம்ப் ஒண்டு கட்டிலுக்குப் பக்கத்தில. நேர்ஸ் பிள்ளை வந்து சாமான் பெட்டியை குசினி மேசையில வைச்சுத் திறக்குது, கையுறை இருக்கு, துடைக்கிற பஞ்சு மூண்டு பக்கெற் இருக்கு, பம்புக்குப் போடுற ரியூப் இல்லை. அது மூண்டு தரம் எல்லாத்தையும் வெளியில எடுத்துப் போட்டுத் தேடினது, பிறகு கதிரையில இருந்து ஒவ்வொரு இடமா ரெலிபோன் அடிச்சது. மகன் இரவு பத்து மணிக்கு காரை எடுத்துக் கொண்டு பாமசி பாமசியாத் திரிஞ்சவர். உள்ளுக்க அம்மா முனகிற சத்தம் எங்களுக்குக் கேட்டுக் கொண்டே இருந்தது, நான் அவவின்ர காலைப் பிடிச்சு விட்டுக் கொண்டிருந்தன், வேற என்ன செய்ய. சுகாதார மந்திரி சில்வியா ஜோன்ஸ் நடந்தது ஏற்றுக்கொள்ள ஏலாத விஷயம் எண்டு சொன்னவா, சொந்தக் காசில சாமான் வாங்கின ஆக்களுக்கு காசைத் திருப்பித் தருவம் எண்டும் அறிவிச்சவை. அந்த மகனுக்கு காசு வந்திருக்கலாம். அண்டிரவு அந்த அம்மா பட்ட நோவுக்கு ஆரிட்ட பில் குடுக்கிறது?

நான் கேக்கிறது பெரிய விஷயங்கள் இல்லை. ஒரு மணித்தியால ஹோம் கெயருக்கு என்ன விலை, அதில வேலை செய்யிறவருக்கு குறைஞ்சது எவ்வளவு எண்டதை அரசாங்கமே நிரந்தரமா முடிவெடுக்க வேணும், அதில ஒருத்தரும் போட்டி போடக் கூடாது. பயண நேரத்துக்கும் முழுச் சம்பளம் தர வேணும். ஏஜென்சி பிழை விட்டா கொன்ராக்டைப் பறியுங்கோ, நான் மறிக்க மாட்டன், ஆனா பறிக்கேக்க அங்க வேலை செய்த ஆக்கள் அதே சம்பளத்தோட, அதே சீனியோரிற்றியோட (வேலை செய்த வருஷக் கணக்கோட), அதே வீட்டுக்குப் போறதுக்கு சட்டம் இருக்க வேணும். எத்தனை நாள் ஆள் வரேல்ல, ஒரு வீட்டுக்கு ஒரு மாசத்தில எத்தனை வேற வேற ஆள் போனவை எண்டதை ஏஜென்சி வாரியா வெளியில போட வேணும், அதோட கொன்ராக்டில என்ன விலை எண்டதை வியாபார ரகசியம் எண்டு சொல்லி மறைக்கக் கூடாது, அது எங்கட வரிக்காசு. லாபத்துக்கு இல்லாமல் நடத்திற அமைப்புகளுக்கும் மாகாணமே நேரடியா நடத்திற சேவைக்கும் முதல் இடம் குடுக்க வேணும் எண்டது என்ர விருப்பம், அதில அண்ணையும் நானும் ஒத்துப் போகாமல் விடலாம், மற்றதுகளில ஒத்துப் போவம் எண்டு நினைக்கிறன்.

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன், ஏஜாக்ஸ் எண்டு எங்கட சனம் இருக்கிற இடமெல்லாம் இப்ப அம்மா அப்பாமாருக்கு எண்பது தாண்டிற காலம். இந்த வேலை செய்யிற எங்கட பொம்பிளையளும் ஆயிரக்கணக்கில இருக்கினம். வீட்டுக்கு ஆள் வராட்டி ஏஜென்சிக்கு ரெலிபோன் எடுத்துப் பேசிறதோட விடாமல், திகதியும் நேரமும் ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, ஆர் வந்தது, எத்தனை நிமிஷம் நிண்டது எண்டு. பிறகு உங்கட எம்பிபி, அதாவது மாகாணப் பாராளுமன்ற உறுப்பினர் ஒபிசுக்கு அதைக் கொண்டு போங்கோ. பேரப்பிள்ளையள் இங்கிலிஷில எழுதித் தருங்கள். ஹெல்த் ரீமுக்கு மாத்திற நேரம் எங்கட ஏரியாவில கொன்ராக்ட் எப்பிடிக் குடுக்கப் போறியள், டெண்டரிலயா, அந்தப் பேப்பரை நாங்கள் பாக்கலாமா எண்டு கேளுங்கோ. தமிழ்ச் சீனியர் சங்கங்கள் மாசக் கூட்டத்தில ஒரு அரை மணித்தியாலம் இதுக்கு ஒதுக்கினா நான் வந்து கதைக்கத் தயார், என்ர நம்பர் உங்கட ஒபிசில இருக்கு, கேக்கிற ஆக்களுக்கு குடுங்கோ.

என்ர பெயரைப் போட வேண்டாம், நான் இன்னும் வேலையில இருக்கிறன். காலமை எட்டு மணிக்கு ஒரு ஆச்சி வீட்டுக்குப் போக வேணும், நான் பிந்தினா அவா கோணரில வோக்கரோட எழும்பி நிண்டு ஜன்னலால பாத்துக் கொண்டு நிப்பா, அதால இதோட நிப்பாட்டுறன்.

இப்படிக்கு,
ஒரு பிஎஸ்டபிள்யூ,
ஸ்காபரோ